எருமை வராத படம்

சென்ற வாரம், வேங்கிக்காலில் எங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். பக்கத்து இருக்கை மேடம் தன் மகளைப் பற்றிய ஒரு புகாரோடு டப்பாவைத் திறந்தார். ஆறாம் வகுப்பு படிக்கிற பெண். ஏதோ ஒரு மந்திரக் கதைப் புத்தகத்தைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்குமாம். அந்தக் கதை படமாக வந்திருக்கிறது என்று ஆசையாக அழைத்துப் போயிருக்கிறார்கள். படம் முடிந்ததும் தியேட்டர் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டதாம்.

"புக்குல இருக்கற மாதிரி எதுவுமே இல்லன்னு ஒரே அழுகை. படம்னா அப்படித்தான்டி இருக்கும்னு சொன்னா கேக்கவே மாட்டேங்குது" என்றார்.

எனக்குத் தயிர்சாதம் புரையேறியது. மேடம் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார். இதே வாக்கியத்தை நான் முதன்முதலில் கேட்டது இங்கிலீஷ் பள்ளிப் பிள்ளைகள் வாயிலிருந்து அல்ல. அடி அண்ணாமலையில் சூடம் பொட்டலம் போடுகிற பதினோரு பெண்கள் வாயிலிருந்து. பதினோரு பேரில் ஒருவருக்கும் எழுத்துத் தெரியாது. அவர்கள் சொன்ன அந்தப் புத்தகத்தை அவர்களுக்குப் படித்துச் சொன்னவள் நான். படித்ததாகச் சொல்லிக்கொண்டவள் என்று எழுதுவதுதான் நேர்மை. கொஞ்சம் பொறுங்கள், அந்த இடத்துக்கு வருகிறேன்.

கோயிலில் நிற்பவர்களுக்குச் சூடத்தின் வாசனை பக்தி. எங்களுக்கு அது சோற்றில் வருகிற வாசனை. எத்தனை முறை சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் அம்மாவின் விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவள் பிசைந்து ஊட்டிய ரசம் சாதத்தில் எப்போதும் ஒரு தீபாராதனை நடந்துகொண்டிருக்கும். பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிற கூட்டத்துக்காக ஒரு முதலாளி எங்கள் ஊரில் கொட்டகை போட்டிருந்தார். வில்லைகளை நாலு நாலாகத் தாளில் மடித்துக் கட்ட வேண்டும். ஃபேன் போடக் கூடாது. தாள் பறக்கும், சூடமும் காற்றில் கரைந்துபோகும். மே மாதத்தில்கூட ஃபேன் கிடையாது. பதினோரு பெண்கள் வியர்த்துக்கொண்டு, சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிற அப்படி ஓர் இடம் கதை சொல்கிறவளுக்கு வேறெங்கே கிடைக்கும்?

பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக அங்கே போய்விடுவேன். என் பங்குக்கும் பொட்டலம் போட வேண்டும் என்பது ஏற்பாடு. அப்பா குத்தகை நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டார். மழை வந்தால் மல்லாட்டை, வராவிட்டால் பௌர்ணமிக் கூட்டத்துக்கு இளநீர் விற்பது என்று ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் ஆறாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். இதை எங்கே சந்து கிடைத்தாலும் சொல்லிவிடுவேன். இதோ, இப்போதும் சொல்லிவிட்டேன்.

புத்தகம் வந்த விதம் இதுதான். கிரிவலப் பாதையில் வீடு எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாவுக்கு என் அம்மா காலையில் பாத்திரம் துலக்கிக் கொடுத்துவந்தாள். அந்த அம்மா ஊருக்குத் திரும்பும்போது ஒரு குக்கர், ஒரு சுருட்டிய பாய், ஒரு தடித்த புத்தகம் மூன்றையும் கொடுத்துவிட்டுப் போனார். குக்கரை அத்தை எடுத்துக்கொண்டாள். பாய் எனக்கும் தம்பிக்கும் சண்டைக்கு உதவியது. புத்தகத்தை அம்மா புடவைத் தலைப்பால் துடைத்து என் கையில் கொடுத்தாள்.

"இங்கிலீஷ் கதை புக்கு. நீ படிப்ப இல்ல?"

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. அரசுப் பள்ளி, தமிழ் வழி. இங்கிலீஷ் பாடத்தில் கேள்வியையும் பதிலையும் மனப்பாடம் செய்து, எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்பதை முதல் வார்த்தையின் வடிவத்தை வைத்துக் கண்டுபிடிக்கிற ஆள். ஆனால் அம்மா கேட்ட விதத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது பாருங்கள், அதற்கு முன்னால் "தெரியாது" என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. "படிப்பேனே!" என்றேன். அன்று சாயந்திரம் முழுவதும் அகராதியோடு உட்கார்ந்து முதல் வரியை உடைத்தேன். மழை பெய்துகொண்டிருந்தது என்று தெரிந்தது. இரண்டாவது வரியில் மழைக்கு என்ன ஆயிற்று என்பது எனக்குப் பல வருடங்களுக்குத் தெரியவில்லை.

நல்லவேளை, புத்தகத்தில் பொம்மைகள் இருந்தன. அட்டையில் ஒரு கறுத்த மலை. மலையின் அடியில் பாதி திறந்த கதவு, அதிலிருந்து வெளிச்சம். முன்னால் சிவப்புக் காலுறை போட்ட ஒரு பெண். பக்கத்தில் கொம்போடு ஒரு பெரிய நிழல். உள்ளே ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் ஒரு சின்னக் கோட்டுப் படம். போதாதா?

மறுநாளே கொட்டகையில் ஆரம்பித்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு மேரி என்று பெயர் வைத்தேன். வெள்ளைக்காரப் பெண் என்றால் வேறு என்ன பெயர் இருக்க முடியும்? மேரியின் அம்மா மலைக்குள் மாட்டிக்கொண்டாள். கதவு திறக்க வேண்டுமானால் மலையைச் சுற்றி வர வேண்டும். இதை நான் யோசித்துக்கூடச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் மலை என்று ஒன்று இருந்தால் அதைச் சுற்றித்தான் வருவார்கள், வெறுங்காலோடு. மலையை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வது? வழியில் எட்டு வாசல்கள் என்றேன், எங்கள் பாதையில் எட்டு லிங்கம் இருப்பதால். கொம்பு நிழலை எருமை ஆக்கினேன். பேசுகிற எருமை. மேரி சோர்ந்துபோனால் முதுகில் ஏற்றிக்கொள்ளும், இரண்டு வாசலுக்கு ஒரு முறை வைக்கோல் கேட்டு அடம்பிடிக்கும்.

அந்த எருமைதான் என்னைக் காப்பாற்றியது. கன்னியம்மா அக்கா என்று ஒருத்தி, கொட்டகையிலேயே வேகமான கை. முதல் வாரமே ஒரு சட்டம் போட்டாள்.

"பாப்பா கை வேலை செய்ய வாணாம். வாய் வேலை செய்யட்டும். அது பங்க நாம பிரிச்சிப் போட்டுக்கலாம்டி."

அப்படியாக, நான் மடியில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, சரியான இடத்தில் பக்கத்தைத் திருப்பி, நடுநடுவே "ம்... இங்க கஷ்டமான இங்கிலீஷ்" என்று நெற்றியைச் சுருக்கி, ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். மிச்ச நேரத்தில் வீட்டுப்பாடமும் முடிந்துவிடும். ஒருநாள் கொழுப்பெடுத்துப்போய் எருமையை ஆறாவது வாசலில் சாகடித்தேன். கன்னியம்மா அக்கா சூடக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, எரிச்சல் தாங்காமல் கத்தினாள். எருமைக்காக அழுதாளா, எரிச்சலுக்காக அழுதாளா என்று தெரியாமல் எல்லாரும் அழுதார்கள். அன்று பொட்டலம் கம்மி. மறுநாள் எருமை மயக்கம் தெளிந்து எழுந்தது. முந்தின நாள் ஒரு பக்கத்தைத் தவறவிட்டுவிட்டதாகச் சொன்னேன்.

அம்மாவையும் சேர்த்து அந்தப் பதினோரு பேரில் நம்பாத ஒரே ஆள் அத்தை. அப்பாவின் அக்கா. மாமா காலமான பிறகு எங்கள் பக்கத்து வீட்டிலேயே இருந்தாள். அப்பா எதைச் செய்வதானாலும் அவளிடம் கேட்டுத்தான் செய்வார். நான் பத்தாம் வகுப்புக்கு வந்ததும் வீட்டில் அந்தப் பேச்சு வந்தது.

"பத்தாவது போதும்டா தம்பி. பஸ்சு நம்பர் படிக்கத் தெரிஞ்சா ஆச்சு. கொட்டகையில முழு நாளும் ஒக்காந்தா ஒரு ஆள் கூலி வரும்" என்றாள் அத்தை.

அம்மா அவளை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அன்று பேசினாள். "இன்னா அண்ணி இப்படி சொல்றீங்க? இங்கிலீஷ் புக்க பாத்து அப்படியே தமிழ்ல சொல்லுது. இத போயி சூடம் மடிக்க வெக்கறதா?"

அப்பா அத்தையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், "பாக்கலாம்" என்றார். நான் சுவரைப் பார்த்தேன். என்னைப் பதினோராம் வகுப்புக்கு அனுப்ப அம்மாவின் கையில் இருந்த ஒரே ஆதாரம், நான் படிக்காத ஒரு புத்தகம்.

இந்த நேரத்தில்தான் அந்தப் படம் வந்தது.

பேருந்து நிலையத்துப் பக்கம் போன அம்மா, பாதி வழியிலிருந்தே கூவிக்கொண்டு வந்தாள். "நம்ம புக்க படமா எடுத்துட்டாங்க!" எழுத்துத் தெரியாதவள், ஆனால் சுவரொட்டியில் அதே மலை, அதே கதவு, அதே சிவப்புக் காலுறை. சாயந்திரத்துக்குள் கொட்டகை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. தமிழில் பேசுகிற படமாம். டவுனில் ஓடுகிறதாம். ஏதோ அவர்கள் எல்லாரும் சேர்ந்து எழுதிய கதைபோல ஒரு பூரிப்பு. பௌர்ணமிக்கு மறுநாள் வேலை இருக்காது, மேட்னி போய்விடலாம் என்று முடிவானது.

நான் செய்யாத முயற்சி இல்லை. காய்ச்சல் என்றேன். அம்மா தொட்டுப் பார்த்து "ஒண்ணுமில்ல" என்றாள். படம் நன்றாக இல்லையாம் என்றேன். "எவன் சொன்னான்?" என்றாள் கன்னியம்மா அக்கா. பரீட்சை என்றேன். "நீ வந்தாத்தான பாப்பா எங்களுக்குப் புரியும்!" என்றாள். படம் தமிழில்தான் பேசப்போகிறது என்று சொல்லிப் பார்த்தேன். அதெல்லாம் எடுபடவில்லை.

தியேட்டரில் என்னை நட்டநடுவில் உட்காரவைத்தார்கள். இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் கன்னியம்மா அக்கா. அம்மாவுக்கு அப்பால் அத்தை. படம் தொடங்கியது. மேரிக்கு வாயில் நுழையாத வேறு ஏதோ பெயர். அவளுடைய அம்மா மலைக்குள் மாட்டிக்கொள்ளவே இல்லை. வீட்டில் சௌக்கியமாக ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

"பேர மாத்திட்டானுங்க" என்றாள் கன்னியம்மா அக்கா, பெருந்தன்மையாக.

அரை மணி நேரம் கழித்து, "எருமை எப்ப வரும் பாப்பா?"

"வரும்க்கா."

பிறகு கொம்பு வந்தது. கொம்பு வைத்த கிரீடம் போட்ட ஒரு கெட்ட ராஜா. அட்டையில் இருந்த நிழல் அவனுடையதுதான். கன்னியம்மா அக்கா திரையையே உற்றுப் பார்த்தாள். பிறகு மார்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"அடப்பாவி! எருமைய கொன்னு அதோட கொம்ப மாட்டிக்கினு வந்து நிக்கறான் பாருங்கடி!"

வரிசை முழுக்க "ஐயோ" என்றது. அந்த ராஜாவை அன்று எங்கள் வரிசை வெறுத்ததுபோல உலகத்தில் வேறு எந்தத் தியேட்டரிலும் வெறுத்திருக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு மலை வந்தது. அந்தப் பெண்ணும் அவள் கூட்டாளிகளும் மலையடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். "இப்ப சுத்தப் போறாங்க" என்று அம்மா அத்தையிடம் பெருமையாகச் சொன்னாள். அவர்கள் சுற்றவில்லை. ஏறினார்கள். முழங்கால் வரைக்கும் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கயிறு கட்டி, மலையை உதைத்து உதைத்து ஏறினார்கள். எங்கள் பதினோரு பேர் மட்டுமல்ல, தியேட்டரே சலசலத்தது. பின்னாலிருந்து ஒரு பெரியவர், "செருப்ப கழட்டுங்கடா டேய்!" என்றார். சிரிப்பு எழுந்தது, ஆனால் முழுச் சிரிப்பு இல்லை.

இடைவேளை விட்டது. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இழுத்துப் போனாள்.

"உண்மைய சொல்லு. அந்தப் புக்க படிச்சியா?"

"மொத வரி படிச்சேன்."

"மீதி?"

"பொம்ம பாத்தேன்."

அத்தை என்னைப் பார்த்த பார்வை இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். குழாயைத் திறந்து இரண்டு கை தண்ணீர் குடித்தாள், வாயைத் துடைத்துக்கொண்டாள், உள்ளே போய்விட்டாள். இடைவேளைக்குப் பிறகான படத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். நான் அத்தையின் பக்கவாட்டு முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மேல்படிப்பு அந்த மூக்குத்திக்குப் பக்கத்தில் எங்கோ தொங்கிக்கொண்டிருந்தது.

டவுனில் இளநீர்க் கணக்கு முடித்துவிட்டு அப்பா தியேட்டர் வாசலில் நின்றிருந்தார். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டதுதான் தாமதம்.

"புக்குல இருக்கற மாதிரி எதுவுமே இல்லண்ணா!"

"எட்டு வாசல் வரணும், ஒண்ணு கூட காட்டல!"

"மல மேல ஏறி மிதிக்கறானுங்க. சுத்தி வந்திருந்தா கதவு தானா தெறந்திருக்கும். அறிவு வாணாம்?"

"பாதிய முழுங்கிட்டானுங்க. காசு கம்மியா இருந்திருக்கும்."

பதினோரு பேரில் பத்துப் பேர் கத்தினார்கள். அப்பா எப்போதும்போல அத்தை பக்கம் திரும்பினார். "நீ இன்னாக்கா சொல்ற?"

ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது, போனது. அத்தை கொசுவத்தைச் சரிசெய்துகொண்டாள்.

"படமாடா இது? நம்ம பொண்ணு படிச்சதுல கால்வாசி கூட இல்ல." ஒரு மூச்சு விட்டுவிட்டு அப்பாவின் மேல் பாய்ந்தாள். "அப்பேர்ப்பட்ட புக்க படிக்கற பொண்ண பத்தாவதோட நிறுத்தறேன்னு நின்ன. புத்தி கித்தி இருக்குதா ஒனக்கு?"

"நீதானக்கா சொன்ன?"

"நான் ஆயிரம் சொல்வேன். நீ கேட்டுடுவியா?"

அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ஷேர் ஆட்டோவில் அத்தை என் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தாள். யாருக்கும் தெரியாமல் என் தொடையில் ஒரு கிள்ளு, தோல் வருகிற மாதிரி. காதோரம் சொன்னாள்: "நெசமா படிச்சுடணும். தெரிஞ்சுதா? இல்ல, கொட்டகையில எல்லாரையும் கூப்ட்டு வெச்சு சொல்லிடுவேன்."

மறுநாள் கொட்டகையில் ஏழாவது வாசலிலிருந்து கதையைத் தொடர்ந்தேன். கேட்டவர்களில் அதிகம் "அப்புறம்?" சொன்னது அத்தைதான்.

நிஜமாகப் படித்து முடிக்கக் கல்லூரி இரண்டாம் வருடம் ஆயிற்று. வேகமான ஆள் இல்லை நான் என்று உங்களுக்கே இதற்குள் தெரிந்திருக்கும். கடைசிப் பக்கத்தை மூடியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புத்தகத்தில் யாரும் மலை ஏறவில்லை. மலை வருவதே இரண்டு பக்கத்துக்குத்தான். அந்தப் பெண் ஒரு கிணற்று வழியாக உள்ளே இறங்குகிறாள். அம்மா ரொட்டி சுடவில்லை. அவள் கதை தொடங்கும் முன்பே இறந்துவிட்டவள். எருமை இல்லை என்பதைத் தவிர, படத்துக்கும் புத்தகத்துக்கும் பெரிய ஒற்றுமை கிடையாது.

விடுமுறைக்கு ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக அத்தை வீட்டுக்கு ஓடினேன். "அத்தை, படத்துக்காரங்க நெசமாவே மாத்திட்டாங்க!"

குக்கருக்கு விசில் போட்டுக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நாந்தான் அன்னிக்கே சொன்னேனே."

கன்னியம்மா அக்காவுக்கு உண்மையான கதையைச் சொல்லிப் பார்த்தேன். கிணறு வரைக்கும்தான் கேட்டாள். "இது வேற புக்கு போலக்குது பாப்பா" என்று எழுந்து போய்விட்டாள்.

அந்தத் தியேட்டர் இப்போது கல்யாண மண்டபம். எங்கள் வரிசை இருந்த இடத்தில் பந்தி போடுகிறார்கள். சூடம் இயந்திரத்தில் மடித்து, பளபளவென்று பெட்டியில் வருகிறது. கொட்டகை பௌர்ணமிக்கு வண்டி நிறுத்துகிற இடமாகிவிட்டது. நான் சொன்ன கதை எனக்கே பாதி மறந்துவிட்டது. மூன்றாவது வாசலில் என்ன நடந்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மாறாமல் இருப்பது ஒன்றுதான். எந்த விசேஷத்திலும் யாராவது ஒருத்தி, "பத்தாவது படிக்கும்போதே இங்கிலீஷ் புக்க கரைச்சுக் குடிச்ச பொண்ணு" என்று என்னை அறிமுகப்படுத்துவாள். நானும் வெட்கமில்லாமல் தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொள்வேன். அத்தை எங்கே உட்கார்ந்திருந்தாலும் அந்த நேரம் பார்த்து ஒரு கனைப்புக் கனைப்பாள். எனக்கு மட்டும் கேட்கிற கனைப்பு. உடனே எனக்குக் கொஞ்சம் உயரம் குறைந்துவிடும்.

போன ஐப்பசியில் அத்தை போய்ச்சேர்ந்துவிட்டாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வெளியூரிலிருந்து உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். கன்னியம்மா அக்கா என் தோளைப் பிடித்து அவர்கள் முன்னால் நிறுத்தி வழக்கமான வரியைச் சொன்னாள். அந்தக் கனைப்புக்குக் காத்திருந்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருத்தர்கூடச் சந்தேகப்படவில்லை.